ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் மவுண்ட்: ரப்பர் போட்டதும் அதிர்வு கூடிவிட்டது, ஏன்?

கடைசி_வருடம்:
எல்லோருக்கும் வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஹெலிகாப்டர் ரோட்டார் அதிர்வை எடுத்திருக்கிறேன். ஆள் உயர ஸ்டாண்ட் ஒன்றில் தொங்குகிற அளவில் ஒரு மாதிரி செய்தேன். மேலே 4 கிலோ எடை, அதுதான் ரோட்டாரும் கியர்பாக்ஸும். கீழே 16 கிலோ எடை, அது உடற்பகுதி. பறக்கிற நிலைக்கு ஒப்பாக இருக்கட்டும் என்று மொத்தத்தையும் நீளமான எலாஸ்டிக் கயிறுகளில் தொங்கவிட்டிருக்கிறேன். மேல் எடையில் ஒரு மோட்டார், எதிரெதிராகச் சுழலும் இரண்டு சிறு எடைகளை ஓட்டுகிறது. பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் செங்குத்து விசை மட்டும் மிஞ்சும். வேகம் நிமிடத்துக்கு 780 சுற்று, அதாவது 13 ஹெர்ட்ஸ். பெல் 206 ஹெலிகாப்டருக்கு இரண்டு பிளேடு, ரோட்டார் நிமிடத்துக்கு 394 சுற்று. நொடிக்குப் பதின்மூன்று தட்டுக்கு ஒரு துளி மேலே வருகிறது. அதை மனத்தில் வைத்துத்தான் 13 என்று எடுத்தேன்.

முதலில் இரண்டு எடைகளையும் போல்ட் போட்டு இறுக்கி, கீழ் எடையின் அதிர்வை அளந்தேன். அப்புறம் நடுவே நான்கு ரப்பர் மவுண்ட் வைத்தேன். கீழ் எடையின் பாரத்தில் அவை 4.4 மி.மீ. இழுபட்டன. அதிலிருந்து கணக்குப் போட்டால் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் அதிர்வெண், 7.5 ஹெர்ட்ஸ். 13 ஹெர்ட்ஸ் அதைவிட நன்றாக மேலே இருப்பதால் அதிர்வு பாதியாகக் குறையும் என்று எதிர்பார்த்தேன். அளந்து பார்த்தால் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. சென்சாரை மாற்றினேன், போல்ட்டுகளைச் சரிபார்த்தேன், மூன்று நாள் திரும்பத் திரும்ப அளந்தேன். அதே பதில்தான். எங்கே தவறினேன்?

சுழல்விசை:
தம்பி, உங்கள் அளவீடு சரி, ரப்பரும் சரி. சூத்திரம்தான் பொருந்தாத இடத்துக்கு வந்துவிட்டது. 7.5 என்று நீங்கள் போட்ட கணக்கு, ஸ்பிரிங்கின் ஒரு முனை அசையாத தரையில் இருக்கும்போது செல்லும். பறக்கிற ஹெலிகாப்டருக்குத் தரை ஏது? மேலே இருப்பதும் ஆடும், கீழே இருப்பதும் ஆடும். அப்படி இரண்டு பக்கமும் சுதந்திரமாக இருந்தால், கணக்கில் எடுக்க வேண்டிய நிறை 16 கிலோ இல்லை. இரண்டு நிறைகளையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 64 வகுத்தல் 20, 3.2 கிலோ.

உங்கள் ரப்பரின் விறைப்பு ஒரு மி.மீ.க்கு 35.5 நியூட்டன். அதை 3.2 கிலோவோடு வைத்துப் பாருங்கள், இயல்பு அதிர்வெண் 16.8 ஹெர்ட்ஸ் வரும். நீங்கள் ஆட்டுவது 13. மலை உச்சியைத் தாண்டிவிட்டதாக நினைத்தீர்கள், உண்மையில் ஏறுகிற சரிவில் நிற்கிறீர்கள். கணக்குப்படி அங்கே இரண்டரை மடங்கு பெருக வேண்டும். ரப்பர், வேகமாக ஆட்டும்போது மெதுவாக அழுத்தும்போதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். அதனால் உச்சி இன்னும் கொஞ்சம் மேலே போய், பெருக்கம் இரண்டு மடங்குக்கும் இரண்டரைக்கும் நடுவில் நிற்கும். நீங்கள் அளந்தது அதுதான்.

இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். உடற்பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு அதிர்வுதான் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இயல்பு அதிர்வெண் 4 ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் கீழே இறங்க வேண்டும். உங்கள் மாதிரியில் மேல் எடை மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. அந்த விகிதத்துக்கு ஸ்பிரிங், வெறும் பாரத்திலேயே 81 மி.மீ. இழுபடும். 1,500 கிலோ ஹெலிகாப்டரிலும் அந்த விகிதம் ஐந்தில் ஒன்று என்றால் அதே 81 மி.மீ.தான். எடை கூடினாலும் இந்த எண் மாறாது, விகிதமும் அதிர்வெண்ணும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

கடைசி_வருடம்:
நன்றி அண்ணா. மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருந்தது இப்போது தீர்ந்தது. ஆனால் 81 மி.மீ. என்பதைப் பார்த்ததும் கை ஓய்ந்துபோய்விட்டது. கியர்பாக்ஸ் அவ்வளவு தூரம் உடற்பகுதியிலிருந்து மேலே தூக்கிக்கொண்டு நின்றால் எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் என்ன ஆகும்?

மேகத்தடம்:
ஷாஃப்ட் மட்டும் இல்லை. நான் பைலட். எங்கள் கையிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களான சைக்ளிக்கும் கலெக்டிவும் தண்டுகள் வழியாக, பிளேடுகளின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ்பிளேட்டுக்குப் போகின்றன. ஸ்வாஷ்பிளேட் உட்கார்ந்திருப்பது கியர்பாக்ஸ் மேல். தண்டுகளின் மறுமுனை உடற்பகுதியில். கியர்பாக்ஸ் உடற்பகுதியை விட்டு 80 மி.மீ. விலகினால், நான் கையை அசைக்காமலே பிளேடுகளின் கோணம் மாறும். இதுவும் சும்மா நேராகப் பறக்கும்போது. கூர்மையாகத் திரும்பி 2ஜி (பாரம் இரண்டு மடங்கு) இழுத்தால் 160 மி.மீ. ஆகிவிடும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் நான் ஏறமாட்டேன்.

பெல் 206 ஓட்டியவர்களுக்கு ஸ்பைக் நாக் தெரிந்திருக்கும். கியர்பாக்ஸ் பக்கத்தில் உருண்டையான ஒரு பின், கூரையில் பொருத்திய தடுப்பில் சதுரமான ஒரு துளை. சாதாரணமாகப் பின் துளையைத் தொடாது. ரோட்டார் வேகம் குறைந்தாலோ, பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, ஆட்டோரொட்டேஷனில் (எஞ்சின் சக்தி இல்லாமல் இறங்குவது) தரையிறக்கம் சரியாக அமையாவிட்டாலோ, அரை ஜிக்குக் கீழே போனாலோ, கியர்பாக்ஸ் ஆடிப்போய் பின் துளையின் ஓரத்தில் இடிக்கும். தலைக்கு மேலே சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம். முதல் தடவை கேட்டபோது ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். மென்மையான மவுண்டுக்கு எல்லை எங்கே என்று அந்தச் சத்தம் காதுக்கே சொல்லிவிடும்.

அப்புறம் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஸ்டார்ட் செய்து ரோட்டார் வேகம் ஏறும்போது, ஒரு கட்டத்தில் உடம்பே குலுங்கும், சில நொடியில் அடங்கிவிடும். ரோட்டாரின் தட்டு மவுண்டின் இயல்பு அதிர்வெண்ணைக் கடந்து போகிற தருணம் அது. பறக்கும்போது மோசமான இடங்கள் இரண்டு. நின்ற நிலையிலிருந்து முன்னே நகரத் தொடங்கி 15, 20 நாட் வருகிற நேரம், அப்புறம் உச்ச வேகம். முதலாவதில் ஒரு பிளேடு கலைத்த காற்றுக்குள் அடுத்த பிளேடு நுழைகிறது. நாள் முழுக்கப் பறந்துவிட்டு இறங்கினால் இடுப்பு சொல்லும், எவ்வளவு அதிர்வு வாங்கியிருக்கிறோம் என்று.

பழைய_ஸ்பேனர்:
நான் பராமரிப்பில் இருந்தவன். மவுண்ட் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஹெலிகாப்டர் குலுங்குகிறது என்றால் முதலில் எந்த அதிர்வெண்ணில் குலுங்குகிறது என்று பாருங்கள். பிளேடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால், ஒன்றின் விசை மற்றதன் விசையைக் கழித்து, பிளேடு எண்ணிக்கையின் மடங்குகள் மட்டும்தான் உடற்பகுதிக்கு இறங்கும். இரண்டு பிளேடு என்றால் டூ பெர் ரெவ், அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டு, நான்கு என்றால் ஃபோர் பெர் ரெவ். ஒன் பெர் ரெவ் தெரிந்தால் ஒரு பிளேடு மற்றதைப் போல இல்லை என்று பொருள். அதற்கு மவுண்ட் மருந்து இல்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இரண்டு பிளேடு இயந்திரம் ஒன்று ஒரு ஆய்வுக்குப் பிறகு ஆடத் தொடங்கியது. அந்த ஆய்வில் மவுண்ட் மாற்றியிருந்தார்கள். எல்லோரும் மவுண்ட்தான் என்று முடிவுகட்டி, அதைக் கழற்றி இன்னொரு புது செட் போட்டார்கள். ஆட்டம் போகவில்லை. மூன்றாவது செட்டுக்கு ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், சென்சார் வைத்து ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் படம்) எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். 13-இல் பெரிதாக எதுவும் இல்லை, 6.5-இல் ஊசி மாதிரி ஒரு உச்சி. பிளேடின் கோணத்தைத் திருப்பும் தண்டான ஒரு பிட்ச் லிங்கின் பேரிங்கில் தளர்வு. விரலால் பிடித்து ஆட்டினால் கையில் தெரிகிற தளர்வு. அதை மாற்றி, ட்ராக் அண்டு பேலன்ஸ் (பிளேடுகளை ஒரே பாதையில் ஓடவைத்துச் சமன் செய்வது) செய்ததும் அதிர்வின் வேகம் நொடிக்கு 0.2 அங்குலத்துக்குக் கீழே வந்துவிட்டது. அந்த இரண்டு வாரமும் அதை ஓட்டிய பைலட்டுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மவுண்டே குற்றவாளியாக இருந்ததும் உண்டு. வேறொரு இயந்திரம், குளிர்ந்த காலையில் முதல் பறப்பில் மட்டும் ஆடும், அரை மணி நேரம் போனால் அடங்கும். டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்துக் கீழ் மவுண்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ரப்பர் ஓரத்தில் கறுப்பாகப் பொடி, அழிப்பானால் தேய்த்தால் உதிருமே, அதே மாதிரி சுருள் சுருளாக. துணியால் துடைத்தபின் ரப்பரும் உலோகமும் ஒட்டுகிற கோட்டில் தலைமுடி அளவில் ஒரு பிளவு. கட்டைவிரலால் அழுத்தினால் வாய் திறந்து மூடியது. கியர்பாக்ஸ் சீலிலிருந்து எண்ணெய் கசிந்து, எத்தனையோ மாதமாக அந்த ரப்பரில் ஊறியிருக்கிறது. ஊறின இடம் உப்பி மெத்தென்று இருந்தது, மற்ற இடம் விறைத்துப்போயிருந்தது. பொடி உதிர்வதை யாரும் சாதாரணமாக விடாதீர்கள், பொடி வருகிறது என்றால் ரப்பர் தேய்கிறது.

படலம்:
பழைய_ஸ்பேனர் ஐயா சொன்னதற்கு ரப்பர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன், நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, உறிஞ்சி உப்பிவிடும். குளிரில் விறைப்பு ஏறும். நீண்ட நாள் பாரம் தாங்கினால் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். இவ்வளவு குறை இருந்தும் ரப்பரை ஏன் விடவில்லை என்றால், உலோகத் தகடும் ரப்பரும் மாற்றி மாற்றி அடுக்கினால் அது வேறு பொருளாகிவிடுகிறது. அழுத்தினால் ரப்பர் பக்கவாட்டில் பிதுங்க முடியாமல் தகடுகள் பிடித்துக்கொள்ளும், அதனால் கல் மாதிரி நிற்கும். பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுக்கட்டு போலச் சரியும். ஒரே துண்டு, ஒரு திசையில் கல், இன்னொரு திசையில் மெத்தை.

ஏஎஸ்350 எக்யுரேயில் இதைப் பார்க்கலாம். கியர்பாக்ஸை மேலே நான்கு தண்டுகள் பிடித்துத் தூக்குவிசையை நேராக உடற்பகுதிக்குக் கொண்டுபோகின்றன. அடியில் அடுக்கு ரப்பர் பட்டைகள். கியர்பாக்ஸ் முன்னும் பின்னும், இடமும் வலமும் சாய்ந்தாடுவதை அந்தப் பட்டைகள் மென்மையாக ஏற்கின்றன, முறுக்குவிசையையும் தாங்குகின்றன. செங்குத்தாக மென்மையே கிடையாது. ஆக அங்கே வடிகட்டுவது ரோட்டாரின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து வரும் சாய்வுத் திருப்புவிசையைத்தான். மிச்சத்துக்குக் கேபினுக்குள் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கில் தொங்குகிற எடைகளை வைத்திருக்கிறார்கள்.

நிலைமம்:
தம்பிக்குப் பதில் இன்னும் முழுதாக வரவில்லை. மேகத்தடம் சொன்ன கட்டுப்பாட்டுத் தண்டுப் பிரச்சினையும் சுழல்விசை சொன்ன 81 மி.மீ.யும் சேர்ந்துதான் இந்தத் துறையின் மொத்தச் சிக்கல். பாரத்துக்கு விறைப்பாக இருக்க வேண்டும், ஒரே ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் மென்மையாக இருக்க வேண்டும். வெறும் ஸ்பிரிங்கால் இது முடியாது. ஸ்பிரிங் எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே விறைப்புதான் காட்டும்.

1960களில் கமான் நிறுவனத்தில் வில்லியம் ஃபிளானெல்லி இதற்கு ஒரு வழி கண்டார், டேவி என்று பெயர். நான் ஆராய்ச்சி மாணவியாக முதன்முதலில் அந்த வரைபடத்தைப் பார்த்தபோது, இவ்வளவு எளிமையாகவா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். விறைப்பான ஸ்பிரிங் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். நெம்புகோலின் ஒரு முனை உடற்பகுதியில் கீல், அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் கியர்பாக்ஸில் இன்னொரு கீல், தூரத்து முனையில் ஒரு சிறு எடை. கியர்பாக்ஸ் ஒரு மி.மீ. ஆடினால், நெம்பு விகிதம் பத்து என்றால், எடை பத்து மி.மீ. ஆடும். அந்த எடையின் நிலைமம் உடற்பகுதிக் கீலை ஒரு பக்கம் தள்ளுகிறது. அதே நேரம் ஸ்பிரிங் உடற்பகுதியை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. ஸ்பிரிங்கின் விசை ஆட்டத்தின் அளவைப் பொறுத்தது, எடையின் விசையோ அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும். ஏதோ ஓர் அதிர்வெண்ணில் இரண்டும் சரிசமமாகி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அங்கே கியர்பாக்ஸ் ஆடும், உடற்பகுதி சும்மா நிற்கும். இதை எதிர் ஒத்ததிர்வு என்கிறோம்.

கணக்கும் எளிது. நெம்பு விகிதத்தை அதைவிட ஒன்று குறைவான எண்ணால் பெருக்கி, எடையாலும் பெருக்குங்கள். விகிதம் 10 என்றால் பத்து பெருக்கல் ஒன்பது, 90. 2 கிலோ எடை 180 கிலோ போல வேலை செய்யும். 13 ஹெர்ட்ஸுக்கு அதன் ஜோடி ஸ்பிரிங், ஒரு மி.மீ.க்கு 1,200 நியூட்டன் விறைப்பு. இப்படி நான்கு வைத்தால், 1,200 கிலோ உடற்பகுதியை அவை தாங்கும்போது இழுபடுவது இரண்டரை மி.மீ. கூட இல்லை. 81 எங்கே, இரண்டரை எங்கே. 3ஜி இழுத்தாலும் எட்டு மி.மீ.க்குள் அடங்கிவிடும்.

இதே கருத்து பல உருவம் எடுத்திருக்கிறது. பெல் நிறுவனம் நோடாமேட்டிக் என்று ஒரு வளையும் பீமைப் பயன்படுத்தியது. பீம் அதிரும்போது அதில் அசையாத புள்ளிகள் இருக்கும், அங்கே உடற்பகுதியைத் தொங்கவிட்டார்கள். 206எல் லாங்ரேஞ்சரில் அது இருந்தது. அப்புறம் அதே நிறுவனத்தின் லைவ் மவுண்டில் நெம்புகோலுக்குப் பதில் திரவம். அகலமான அறையிலிருந்து குறுகிய குழாய்க்குள் திரவம் தள்ளப்படும்போது வேகம் பெருகும். பரப்பளவு விகிதமே நெம்பு விகிதம். கீல் இல்லை, பேரிங் இல்லை, தேய்மானம் குறைவு. முதல் வடிவங்களில் பாதரசம் ஊற்றினார்கள், தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால் சின்ன இடத்தில் வேலை முடிந்தது. பெல் 427, 429 இரண்டிலும் லைவ் உண்டு. ஜெர்மனியின் எம்பிபி வளர்த்த ஏரிஸ் முறை இசி135-இல் இருக்கிறது, நம் த்ருவ் ஹெலிகாப்டரிலும் கியர்பாக்ஸுக்கு அடியில் ஏரிஸ்தான்.

கடைசி_வருடம்:
நிலைமம் அக்கா, படிக்கப் படிக்கக் கை பரபரக்கிறது. இந்த வாரமே நெம்புகோல் செய்கிறேன். ஒரு சந்தேகம். ஒரே அதிர்வெண்ணில்தான் கழிகிறது என்றால், ரோட்டார் வேகம் கொஞ்சம் மாறினால் என்ன ஆகும்? வரைபடத்தில் அதிர்வு இறங்குகிற அந்தப் பள்ளம் எவ்வளவு அகலம்?

சுழல்விசை:
நல்ல கேள்வி. பள்ளம் குறுகலாகத்தான் இருக்கும். டர்பைன் ஹெலிகாப்டரில் கவர்னர் ரோட்டார் வேகத்தை ஓரிரண்டு சதவீதத்துக்குள் பிடித்துவைப்பதால்தான் இது பிழைக்கிறது. வேகம் கண்டபடி மாறுகிற இயந்திரம் எதற்கும் இந்த முறை உதவாது. பள்ளத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பது டேம்பிங், அதாவது ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சும் தன்மை. டேம்பிங் கூடினால் பள்ளம் தூர்ந்துபோகும். அதிர்வைக் குறைக்கத்தான் டேம்பர் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே டேம்பர் எதிரி. உங்கள் மாதிரியில் ரப்பரை எடுத்துவிட்டு எஃகுச் சுருள் ஸ்பிரிங் போடுங்கள்.

வேகம் மாறினாலும் தானே சுதி சேர்த்துக்கொள்கிற ஒரு முறை உண்டு, பைஃபைலர். மவுண்டில் இல்லை, ஹப்பின் மேலேயே வைப்பது. பிளாக் ஹாக் தலையில் நான்கு கைகளோடு தெரிகிறதே, அதுதான். கைகளின் நுனியில் எடைகள் ஊசல் போல ஆடும். ஊசலை இழுப்பது புவியீர்ப்பு இல்லை, மையவிலக்கு விசை. ரோட்டார் வேகம் ஏறினால் அந்த விசையும் ஏறி, ஊசலின் அதிர்வெண்ணும் கூடவே ஏறும். ஆனால் எடை அதிகம், அதுவும் ரோட்டார் தலையில், காற்றிலும் இழுக்கும்.

பாலம்_கட்டுபவன்:
எனக்குத் தெரியாமல் கேட்கிறேன். இவ்வளவு கஷ்டப்படுவதற்கு, கணினியே எதிர் அதிர்வு கொடுக்க முடியாதா?

நிலைமம்:
முடியும், செய்கிறார்கள். வெஸ்ட்லாண்ட் 1980களில் ஏசிஎஸ்ஆர் என்ற முறையை வெஸ்ட்லாண்ட் 30-இல் பறக்கவிட்டுச் சோதித்தது, பிறகு ஈஎச்101-க்குக் கொண்டுபோனது. கியர்பாக்ஸைத் தாங்கும் தண்டுகளோடு ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர், கேபினில் பல இடங்களில் சென்சார், நடுவே கணினி. எரிபொருள் தீரத் தீர, ஆட்கள் ஏறி இறங்க, உடற்பகுதியின் குணம் மாறும். கணினி அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். பெரிய இயந்திரத்துக்கு அது பொருந்தும். சின்ன இயந்திரத்தில் அந்த எடையும் மின்சாரமும் பராமரிப்பும் தாங்காது. மின்சாரம் போனாலும் வேலை செய்கிற நெம்புகோல் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பழைய_ஸ்பேனர்:
இழையைப் படிப்பவர்கள் யாராவது, சரி, நம் இயந்திரத்திலும் மவுண்டைக் கொஞ்சம் மென்மையாக்கிப் பார்ப்போம் என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். பிளேடுகள் கிடைமட்டத்தில் முன்னும் பின்னும் ஆடக்கூடிய ரோட்டாரில், அந்த ஆட்டமும் தரையில் நிற்கும் உடற்பகுதியின் ஆட்டமும் ஒன்றுக்கொன்று தூண்டிவிட்டால் கிரவுண்ட் ரெசனன்ஸ். சில நொடிகளில் இயந்திரம் தன்னைத்தானே பிய்த்துப்போட்டுவிடும். மவுண்ட் விறைப்பு மாறினால் உடற்பகுதியோடு ரோட்டார் ஆடும் அதிர்வெண்ணும் இடம் மாறும். தயாரிப்பாளர் கொடுத்த பார்ட் நம்பர், அவர் சொன்ன போல்ட் இறுக்க அளவு (டார்க்), மாற்றுவதற்கு அவர் சொன்ன மணிக்கணக்கு, இதில் எங்கும் கைவைக்கக் கூடாது. நெம்புகோல் விளையாட்டெல்லாம் தம்பியின் ஸ்டாண்டோடு இருக்கட்டும்.

கடைசி_வருடம்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நெம்புகோல் செய்துவிட்டேன். அலுமினியத் தண்டு, எடை 80 கிராம். உடற்பகுதிக் கீலிலிருந்து 4 செ.மீ.யில் மேல் எடையின் கீல், 32 செ.மீ.யில் முனை எடை. நெம்பு விகிதம் 8. எட்டு பெருக்கல் ஏழு 56. முனையில் 150 கிராம் வைத்தால் 8.4 கிலோ போல வேலை செய்யும். அதற்கு 13 ஹெர்ட்ஸில் வேண்டிய ஸ்பிரிங் மி.மீ.க்கு 56 நியூட்டன், சுருள் ஸ்பிரிங் தேடி அதே விறைப்பில் கிடைத்தது. பாரத்தில் 2.8 மி.மீ.தான் இழுபடுகிறது. மோட்டார் வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். பள்ளம் வந்தது! கீழ் எடை மேல் தண்ணீர்க் குவளை வைத்திருந்தேன், வளையம் வளையமாக நடுங்கிக்கொண்டிருந்த தண்ணீர் அந்த வேகத்தில் அப்படியே கண்ணாடி போலாகிவிட்டது. மேல் எடை மட்டும் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. என் பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் பள்ளம் வந்தது 13-இல் இல்லை, 12.0-இல். ஸ்பிரிங்கைத் தனியாக மறுபடி அளந்தேன், 56 சரிதான். ஏன் ஒரு ஹெர்ட்ஸ் தள்ளிப்போனது?

நிலைமம்:
குவளை யோசனை அருமை. உங்கள் ஒரு ஹெர்ட்ஸ் தண்டுக்குள் இருக்கிறது. முனை எடையை எண்ணினீர்கள், தண்டின் எடையை எண்ணவில்லை. 80 கிராம்தானே என்று தோன்றும், ஆனால் தண்டின் ஒவ்வொரு துண்டும் தன் தூரத்துக்கு ஏற்பப் பெருகும். கீலிலிருந்து முனைவரை சீரான தண்டு என்று எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 1.39 கிலோ போல வேலை செய்கிறது. 8.4-ஓடு அதையும் சேர்த்தால் பள்ளம் 12.04-க்கு இறங்க வேண்டும். உங்கள் அளவீடு அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. 8.4-இல் 1.39-ஐக் கழித்து 56-ஆல் வகுங்கள். முனையில் 125 கிராம் போதும்.

அதைச் செய்தபின் இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். கீழ் எடையில் 4 கிலோ கூடுதலாக ஏற்றுங்கள், பயணிகள் ஏறியது போல. பள்ளம் நகர்கிறதா என்று சொல்லுங்கள்.

கடைசி_வருடம்:
முனையில் 25 கிராம் அரத்தால் தேய்த்து எடுத்தேன். பள்ளம் இப்போது 12.9-இல். 13-இல் ஓட்டினால் கீழ் எடையின் அதிர்வு, போல்ட் போட்டு இறுக்கியபோது இருந்ததில் 8 சதவீதம்.

4 கிலோ ஏற்றினேன். பள்ளம் 12.9-இலேயே நிற்கிறது, துளியும் நகரவில்லை. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தேன், அதேதான். அப்புறம் யோசித்தபோதுதான் புரிந்தது. ஸ்பிரிங்கும் நெம்புகோலும் தங்களுக்குள்ளேயே கணக்கை முடித்துக்கொள்கின்றன, கீழே எவ்வளவு எடை இருக்கிறது என்பது அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. பெருக்கத்தின் உச்சி மட்டும் 10.7-இலிருந்து 10.6-க்கு லேசாக நகர்ந்தது.

சுழல்விசை:
அந்த 10.7-ஐ ரிப்போர்ட்டில் மறக்காமல் எழுதுங்கள். பள்ளத்துக்கு அவ்வளவு பக்கத்தில் உச்சி இருப்பதுதான் இந்த முறைக்கு நாம் கொடுக்கிற விலை. ஸ்டார்ட் செய்யும்போது சில நொடி குலுங்குகிறது என்று மேகத்தடம் சொன்னாரே, உங்கள் மாதிரியும் வேகம் ஏறும்போது அந்த இடத்தைக் கடந்துதான் போகிறது. குவளையை வைத்துக்கொண்டே பூஜ்யத்திலிருந்து 13 வரை ஒரு தடவை ஏற்றி, வீடியோ எடுத்துப் போடுங்கள்.

கடைசி_வருடம்:
இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. 10.7-இல் தண்ணீர் வெளியே சிந்திவிட்டது, அடுத்த சில நொடியில் 13 வந்ததும் குவளையில் மிச்சமிருந்த தண்ணீர் அடங்கிவிட்டது. சென்சார் வயரைத் துடைத்துக் காயவைத்திருக்கிறேன், நாளைக்கு வீடியோ போடுகிறேன்.